தூங்கும் மல்லிகை

இந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு நான் ஒரு வாழையிலைத் துண்டில் முக்கால் முழம் மல்லிகைப்பூ சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். குத்துவிளக்குக்குச் சாத்துவதற்காக. வாசலில் நின்றிருந்த சகோதரிகள் இரண்டு மூன்று பேர், "காஜிப்பூர் சந்தையில் வாங்கினீர்களா, மலை மந்திர் வாசலிலா, முழம் என்ன விலை சொன்னான்?" என்று கேட்டார்கள். "வீட்டில் பூத்தது" என்றேன். "தில்லியிலா?" என்று ஒருவர் கேட்டதில் பாதி ஆச்சரியம், பாதி சந்தேகம். தாங்களும் தொட்டியில் வைத்துப் பார்த்ததாகவும், முதல் குளிர்காலத்திலேயே பட்டுப்போனதாகவும் அந்த அம்மையார் சொன்னார். "பட்டுப்போனது என்று எப்படித் தெரிந்தது?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிய ஆசிரியர், இதையே எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தோட்டக்கலை படித்தவன் அல்ல. முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை செய்தவன். ஆறு வருடங்களுக்கு முன்புவரை, இல்லை, சரியாகச் சொன்னால் 2019 ஜனவரி வரை, ஒரு செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவனும் அல்ல. வீட்டில் அந்த இலாகா முழுவதும் என் மனைவியுடையது.

அவள் பிறந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம். திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அங்கே பூ என்பது அலங்காரம் அல்ல, பிழைப்பு. விடிவதற்கு முன் வயலில் இறங்கி மொட்டுப் பறித்து, சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பத்திரிகையில் வந்தபோது, "எங்க ஊரையும் அதுல சேத்திருக்காங்களான்னு பாருங்க" என்றாள். சேர்த்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வயல்களுக்கே பதியன்கள் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகின்றன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஆக, மதுரை மல்லியும் ஒரு வகையில் பிழைப்புக்காக ஊர் மாறியதுதான்.

1988 ஆவணியில் ஊரிலிருந்து திரும்பும்போது, என் மைத்துனர் கொடுத்த எட்டு வேர்ப்பதியன்களை ஈரச் சாக்கில் சுற்றி, பாண்டியன் எக்ஸ்பிரஸிலும் பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தாள். பெட்டியில் வந்த சக பயணிகள் நாக்பூர் வரைக்கும் அதைச் சாப்பாட்டு மூட்டை என்றே நினைத்திருந்தார்கள். ராமகிருஷ்ணாபுரத்தில் எங்களுக்குக் கீழ்த்தளக் குவார்ட்டர்ஸ். பின்பக்கம் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண். எட்டில் ஐந்து பிழைத்தன. 2012இல் நான் ஓய்வுபெற்று மயூர் விஹாரில் இரண்டாவது மாடி வீட்டுக்கு வந்தபோது, முந்தின மழைக்காலத்திலேயே பதியன் போட்டு ஆறு தொட்டிகளில் தயாராக வைத்திருந்தாள். பீரோவும் கட்டிலும் வண்டியில் வந்தன. தொட்டிகள் மட்டும் ஆட்டோவில், அவளுடன்.

2018 ஆகஸ்டில் அவளுக்கு உடம்புக்கு வந்தது. டிசம்பரில் போய்விட்டாள். அந்த நாலு மாதம் எங்களில் யாருக்கும் பால்கனிக் கதவைத் திறக்க வேளை இல்லை. ஜனவரியில், காரியங்கள் எல்லாம் முடிந்து மகனும் மருமகளும் பூனாவுக்குத் திரும்புமுன் வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். பால்கனியில் ஆறு தொட்டிகளில் ஆறு மொட்டைக் குச்சிகள். இலை கருகி உதிர்ந்து, மண் வெடித்துக் கிடந்தது. "அப்பா, இதையெல்லாம் எடுத்துவிடலாமா? பார்க்கப் பார்க்க உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான் மகன். நானும் சரி என்றேன். கீழே பூங்காவில் வேலை செய்யும் மாலியை அழைத்து, தொட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னோம்.

அவர் வந்து குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு குச்சியை அடிப்பக்கம் லேசாகக் கீறினார். பட்டைக்கு உள்ளே பச்சையாக இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. நாலில் பச்சை, இரண்டில் காய்ந்த பழுப்பு. "பாபுஜி, மரா நஹீ(ன்) ஹை, சோ ரஹா ஹை" என்றார். சாகவில்லை, தூங்குகிறது. பிப்ரவரி வரைக்கும் தொடாதீர்கள் என்று சொல்லி, காய்ந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். தொட்டிக்கு நூறு ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தோம். இரண்டுக்குத்தான் வாங்கிக்கொண்டார்.

நம்மவர்கள் தில்லியில் மல்லிகையை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நம் ஊரில் செடி வருடம் முழுக்க ஏதோ ஒரு பச்சையைக் காட்டிக்கொண்டு இருக்கும். இங்கே ஜனவரி இரவில் நாலைந்து டிகிரிக்குக் குளிர் இறங்கும்போது, மல்லிகை இலையை உதிர்த்துவிட்டு அடங்கிவிடுகிறது. அதைச் செத்ததாக நினைத்து ஒரு சாரார் பிடுங்கி எறிகிறார்கள். இன்னொரு சாரார் பாவம் பார்த்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரண்டாவதுதான் மோசம். உறங்கும் செடியின் வேர் தண்ணீரை இழுப்பதில்லை, குளிர்ந்த ஈரத்தில் அது அழுகும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய, விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அரைச் சொம்பு, அதுவும் வெயில் வந்த பிறகு. எங்களுடையது பிழைத்ததில் நாங்கள் கவனிக்காமல் விட்டதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

அடுத்தது கத்தரி. மல்லிகை பழைய கிளையில் பூக்காது, புதிதாக வரும் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே எவ்வளவு புதுத் துளிரோ அவ்வளவு பூ. நம் ஊரில் குண்டுமல்லியைக் கார்த்திகையிலேயே கவாத்து செய்துவிடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் துளிர்விட்ட நேரத்தில் கடுங்குளிர் வந்து கருக்கிவிடும். ஜனவரிக் கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில், மூடுபனி விலகி வெயில் உறைக்கத் தொடங்கும்போது, தொட்டிச் செடியை ஒரு முழத்துக்குக் குறைவாக வெட்டிவிட வேண்டும். மிச்சமிருக்கும் பழைய இலையையும் உருவிவிடலாம். முதல் தடவை கத்தரியைக் கையில் எடுத்தபோது எனக்கு மனசு வரவில்லை. அவள் வளர்த்ததை நான் வெட்டுவதா என்று இருந்தது. மாலிதான் பக்கத்தில் நின்று "அவுர், அவுர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெட்டின கையோடு மேல்மண்ணைக் கிளறி, நன்றாக மக்கிய சாண எரு இரண்டு கை, வேப்பம்பிண்ணாக்கு ஒரு கை போட்டுத் தண்ணீர் விட்டால், மார்ச்சில் துளிர், ஏப்ரலில் மொட்டு. அந்த வருடம் மார்ச் 11ஆம் தேதி காலையில் காபியோடு போய் நின்றவன், ஒரு கணுவில் கடுகளவு பச்சையைப் பார்த்தேன். உள்ளே போய், அலுவலக நாளிலிருந்து மிஞ்சியிருந்த ஒரு பதிவேட்டை எடுத்துத் தேதியைக் குறித்தேன். வேறு யாரிடம் சொல்வது? அந்தப் பதிவேடு இன்றும் நடக்கிறது. தணிக்கைக்காரன் புத்தி.

தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைந்த தொட்டியில் மல்லிகை பிழைக்கும், பூக்காது. மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, எரு ஒரு பங்கு. தில்லி மண் இறுகிப்போகும், மணல் சேர்க்காவிட்டால் தண்ணீர் மேலேயே நிற்கும். வெயில் ஐந்து மணி நேரமாவது வேண்டும். எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. காலை வெயில் பதினொன்றரை வரை கிடைக்கிறது, மே மாதத்து மத்தியானச் சூட்டிலிருந்தும் லூ காற்றிலிருந்தும் தப்பிக்கிறது. தெற்குப் பார்த்த பால்கனி இருப்பவர்கள் குளிர்காலத்தில் உள்வரைக்கும் விழும் வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. கோடையில் சூரியன் உச்சிக்கு ஏறிவிடுவதால், மேல்மாடித் தளம் மறைத்துக்கொண்டு வெயில் கைப்பிடிச் சுவரோடு நின்றுவிடும். அப்போது தொட்டியை விளிம்புக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பது கீழ்வீட்டாரோடு சமாதானமாக இருக்க. என் வீட்டுக்குக் கீழே இருக்கும் சர்தார்ஜி, தம் துணி காயும் கொடியில் சேற்றுத் தண்ணீர் சொட்டுவதைப் பற்றி என்னிடம் இரண்டு முறை பேசியிருக்கிறார். மூன்றாவது முறை பேசவிடவில்லை. ஆனால் மழைக்காலத்தில் அந்தத் தட்டில் நிற்கும் தெளிந்த நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். வாரத்துக்கு ஒரு தரமாவது கவிழ்த்துத் தேய்த்துவிட வேண்டும்.

நர்சரியில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பது நம்மில் பலருக்குக் குழப்பம். நானும் ஏமாந்தவன்தான். காய்ந்துபோன இரண்டுக்குப் பதிலாக வாங்கப் போய், மல்லி என்றால் 'சமேலி' என்று நினைத்துக் கேட்டேன். வீட்டுக்கு வந்து பூத்தது ஜாதிமல்லி, நம் பிச்சிப்பூ. அதிலும் நஷ்டமில்லை. ஆனால் குண்டுமல்லி வேண்டுமென்றால் 'பேலா' அல்லது 'மோக்ரா' என்று கேளுங்கள். இதழ் அடுக்காக உருண்டையாக இருப்பதை 'மோதியா' என்பார்கள். 'ஜூஹி' என்றால் ஊசிமுல்லை. 'சாந்த்னி' என்று சொல்லிக் கொடுப்பது நந்தியாவட்டை. 'கனேர்' அரளி, 'குடஹல்' செம்பருத்தி, 'அபராஜிதா' சங்குப்பூ. 'ஹர்சிங்கார்' நம் பவழமல்லி.

பவழமல்லிக்கு இடம் இருந்தால் தரையிலேயே வையுங்கள், அது மரம். எங்கள் கட்டடத்தின் பின்சுவரோரம் ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் தொடங்கி இரவில் பூத்து விடியுமுன் உதிர்ந்துவிடும். தரையில் விழுந்ததைப் பொறுக்கிப் பூஜைக்கு வைக்கலாம் என்கிற சலுகை பெற்ற பூ. மூன்றாம் மாடி வங்காளி அம்மாளுக்கு அது 'ஷியூலி', துர்கா பூஜை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். புரட்டாசி விடியற்காலைகளில் அவரும் நானும் ஆளுக்கொரு தட்டோடு அங்கே சந்திப்போம். அவருக்கு என் இந்தி புரியாது, எனக்கு அவருடையது.

சாமந்தியில் எனக்கு நேர்ந்ததையும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். 2021 மழைக்காலத்தில் ஆறு சாமந்தி நாற்று வைத்தேன். நவம்பர் கடைசியில் நாலு தொட்டி மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. கைப்பிடி ஓரம் இருந்த இரண்டு மட்டும் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போனதே தவிர, ஒரு மொட்டு இல்லை. ஒரே மண், ஒரே எரு, ஒரே நாற்று. கணக்கு உதைத்தது. ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் பார்த்தேன். அந்த இரண்டு தொட்டி மேலும் தெருவிளக்கு வெளிச்சம் நேராக விழுந்துகொண்டிருந்தது. சாமந்தி பூப்பது இரவு நீளும்போது. இடைவிடாத இருட்டு சில வாரங்களுக்குக் கிடைத்தால்தான் அது குளிர்காலம் வந்துவிட்டது என்று நம்பி மொட்டு விடும். விளக்கு வெளிச்சத்தில் அதற்கு இன்னும் கோடைதான். தொட்டிகளைச் சுவர் மறைவுக்கு நகர்த்தினேன். ஜனவரியில், மற்றவை முடிந்த பிறகு, அவை பூத்தன.

தில்லியின் பனிக்காலப் பூக்கள் தனி. டேலியா, பான்சி, பெட்டூனியா, ஃபிளாக்ஸ் என்று அக்டோபரில் நாற்று வைத்தால், பிப்ரவரியில் தெருவே துணிக்கடை மாதிரி ஆகிவிடும். குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்துக்கு, 2023 ஜனவரியில் அமிர்த உத்யான் என்று பெயர் மாற்றப்பட்டதே அதற்கு, நாங்கள் வருடம் தவறாமல் போயிருக்கிறோம். என் மனைவி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, வெளியே வரும்போது ஒரே வார்த்தை சொல்வாள்: "வாசனை இல்ல." எனக்கு அந்தப் பூக்கள் பிடிக்கும். அவள் இருந்தவரை சொன்னதில்லை. இப்போது இரண்டு தொட்டியில் பான்சி வைக்கிறேன். மல்லிகை உறங்கும் மூன்று மாதமும் கண்ணுக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது.

மல்லிகைக்கு இங்கே நோய் என்று பார்த்தால் மூன்று. ஒன்று, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் வேரால் இரும்பை எடுக்க முடியாமல் போகும். போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பத்துப் பதினைந்து நாளில் பச்சை திரும்பும். மழைநீர் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது. இரண்டு, மே மாதத்து வறட்சியில் இலையடியில் வரும் சிவப்புச் சிலந்திப் பேன். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் போய்விடும். மூன்று, மொட்டுப்புழு. ஓட்டையிட்ட மொட்டைக் கிள்ளி எறிவதும் வேப்பெண்ணெய் தெளிப்பதும்தான் நான் செய்வது. நவம்பர்ப் புகையில் இலைமேல் படியும் கரிய தூசியை நோய் என்று எண்ணவேண்டாம். அது நமக்கும் சேர்த்து வந்ததுதான். கழுவிவிட்டால் போதும்.

என் பதிவேட்டின்படி, 2019இல் நாலு தொட்டியும் சேர்ந்து ஒரு நாளில் கொடுத்த அதிகபட்ச மொட்டு 23. அடுத்த வருடம் 61. அது 2020. மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. மகனால் வர முடியவில்லை. பேச்சுத் துணை தொலைபேசி மட்டும். சந்தைகள் அடைத்து, தில்லியில் பூ விற்கிற ஆளே இல்லாத அந்த ஏப்ரலில், என் பால்கனி அப்படிப் பூத்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு, மொட்டு முழு வெள்ளையாகி ஆனால் வாய் திறவாமல் இருக்கும்போது பறிக்க வேண்டும். அப்போதுதான் தொடுத்து முடித்த பிறகு மலரும். பறித்துவிட்டேன், தொடுக்கத் தெரியாது. முப்பது வருடம் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே அவள் விரல்களைப் பார்த்திருக்கிறேன், முடிச்சைப் பார்க்கவில்லை.

நிலக்கோட்டையில் இருக்கும் மைத்துனர் மனைவிதான் வீடியோ அழைப்பில் கற்றுக்கொடுத்தார். "அண்ணே, ரெண்டு இங்கிட்டு, ரெண்டு அங்கிட்டு, காம்பு ஒண்ணா சேரணும், நூலை இறுக்காதீங்க." வாழைநார் இங்கே ஏது? தையல் நூலை இரட்டையாக்கி நனைத்துக்கொண்டேன். முதல் வாரம் தொடுத்ததெல்லாம் தூக்கினவுடன் உதிர்ந்தது. எனக்கு ஒரு முழத்துக்கு நூறு மொட்டாவது பிடிக்கிறது, அவள் எண்பதில் முடித்துவிடுவாள். தொடுத்த சரத்தைக் கூடையில் வைத்துக் கயிற்றில் கீழே இறக்கினேன். சர்தார்ஜியின் மனைவி எடுத்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் அதைத் தலையில் வைப்பதில்லை. நாலு மொட்டை உதிர்த்துக் குடிநீர்ப் பானையில் போட்டு, அந்த வாசனைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். மறுநாள் அதே கூடையில் எனக்கு இரண்டு பராட்டா ஏறி வந்தது. மே கடைசி வரைக்கும் இந்தப் போக்குவரத்து நடந்தது.

வீட்டில் பூ வைத்துக்கொள்ள யாரும் இல்லையே, இவ்வளவும் யாருக்கு என்று நேராகவே என்னைக் கேட்டவர்கள் உண்டு. நானும் கேட்டுக்கொண்டதுண்டு. முதலில் தினமும் அவள் படத்துக்குத்தான் சாத்தினேன். மறுநாள் காலையில் அது பழுப்பேறித் தொங்கும். அவள் வாடின பூவை ஒரு நிமிஷம் தலையில் வைத்திருக்க மாட்டாள். அதனால் இப்போது வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் படுக்கப்போகுமுன் எடுத்துவிடுகிறேன். மற்ற நாளில் பூ கீழே போகும், மாடிக்குப் போகும், சில ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போகும். தொடுக்காமல் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் படுக்கை ஓரம் வைப்பதும் உண்டு. தூக்கம் வராத இரவுகளில் அந்த வாசனை இருப்பது நல்லதாக இருக்கிறது. ஒரு மணி, இரண்டு மணி என்று இரவு ஏற ஏற அது கூடும்.

ஜூலை ஆகஸ்டு மழையில் பதியன் போடலாம். தரையோடு வளையக்கூடிய கிளையை எடுத்து, ஒரு கணுவுக்கு அடியில் பட்டையை லேசாகச் சீவி, பக்கத்துத் தொட்டி மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல் துண்டு வைத்தால், இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். பிறகு தாய்ச்செடியிலிருந்து அறுத்துவிடலாம். அப்படித்தான் நாலு தொட்டி இன்று பதினொன்றாக ஆகியிருக்கிறது. அதற்குமேல் பால்கனியில் நான் நிற்க இடம் வேண்டும்.

ஆகவே இந்த வருடம் போட்டிருக்கும் ஐந்து பதியன்கள் சங்கத்து அன்பர்களுக்கு. ஒன்று, விழாவில் என்னிடம் கேட்ட அந்த அம்மையாருக்கு என்று வைத்திருக்கிறேன். மற்றவர்கள் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். பன்னிரண்டு அங்குலத் தொட்டியோடு வாருங்கள். பாலித்தீன் பையில் கொடுப்பதாக இல்லை.